கடையை விட்டு இறங்கியவன்

தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தொங்கியபடி போய்க்கொண்டிருக்கிறோம், படகு என்று சொன்னால் இது தண்ணீரைத் தொடவில்லை, பாலம் என்று சொன்னால் இது ஓரிடத்தில் நிற்கவில்லை, மேலே இரண்டு பனை உயரத்தில் இரும்புச் சட்டம், அதிலிருந்து இறங்கும் கம்பிகளில் தராசுத் தட்டைப்போல ஒரு மேடை, அந்த மேடையில் ஐந்தாறு கார்கள், ஒரு சைக்கிள்காரன், கைப்பைக்குள் குட்டி நாயை வைத்துக்கொண்டு அதற்கும் சேர்த்துக் குடை பிடிக்கிற ஓர் அம்மாள், நான், என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி சந்திரவடிவு, கரைக்குக் கரை ஒன்றரை நிமிஷம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும், நல்லாப் பாத்துக்கங்க என்று காலையில் பஸ்ஸில் மைக் பிடித்து எங்கள் எட்டுப் பேருக்கும் சொன்னவள் அவள்தான், மற்ற ஏழு பேர் முந்தின நடையிலேயே அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என் டிக்கெட்டை மட்டும் மெஷின் விழுங்கிவிட்டதாக நான் ஒரு நாடகம் போட்டேன், கடைசி ஆள் வரும்வரை வழிகாட்டி காத்திருந்துதான் ஆகவேண்டும், எதிராளிக்கு எங்கே கட்டாயம் என்று பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கிறவர்கள் எங்கள் தெருக்காரர்கள், ஆக ஒன்றரை நிமிஷத்தை இப்படிச் சம்பாதித்திருக்கிறேன், முப்பத்தொரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இதற்குள் சொல்லியாகவேண்டும், நாளைக் காலை பதினொரு மணிக்கு விமானம், அதற்குப் பிறகு அவள் ஸ்பெயினில் இந்தப் பில்பாவோவில், நான் விருதுநகரில், நடுவில் கடல்கள். தூறுகிறது, இந்த ஊர்க்காரர்கள் இந்தத் தூறலுக்கு சிரிமிரி என்று பேர் வைத்திருக்கிறார்கள், நனைந்ததே தெரியாமல் நனைத்துவிடுகிற மழை, அவள் முன்நெற்றி நரையில் பொடிப்பொடியாக நிற்கிறது, நான் ஆற்றைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம்தான், என் சித்தி மகன் அனுப்பினான், அவனுக்கு யார் அனுப்பினார்களோ, மூன்று நாள் பில்பாவோ, கலை, கட்டடம், அந்த வட்டாரத்து பாஸ்க் சமையல், தமிழில் விளக்கம், கீழே சின்ன எழுத்தில் வழிநடத்துபவர் கட்டடக் கலைஞர் சந்திரவடிவு என்று போட்டு தபால்தலை அளவுக்கு ஒரு படம், படத்தைப் பெரிதாக்கினேன், பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலைந்து கட்டம் கட்டமாகப் போயிற்று, அந்தக் கட்டங்களுக்குள்ளும் ஒரு பக்கமாக இழுத்துச் சிரிக்கிற அந்த வாய் இருந்தது, மதுரையில் ஏஜென்ட்டிடம் போய் உட்கார்ந்தேன், அவர் ஒரு தொகை சொன்னார், நான் சரி என்றேன், அவர் பயந்துபோனார், அண்ணாச்சி, நீங்க விருதுநகர்தானே என்று கேட்டார், ஆமா என்றேன், மிளகாய் மண்டிதானே, ஆமா, ஒண்ணுமே கொறைக்கச் சொல்லலியே, உடம்புக்கு எதுவும் முடியலியா அண்ணாச்சி. மகள் பெங்களூரிலிருந்து போனில் கேட்டாள், அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா திடீர்னு ஆர்க்கிடெக்சர், நான் சொன்னேன், அங்கே ஒரு வத்தல் விளையுதாம் தாயி, காரமே இல்லாத வத்தல், ஏற்றுமதிக்கு ஆகுமான்னு பாத்துட்டு வாரேன், பொய் சொல்லும்போது அதில் கால்வாசி உண்மை கலந்து சொல்ல வேண்டும், எங்கள் மண்டியில் கலப்படம் என்றால் அது ஒன்றுதான். அவள் அம்மா சுகந்தி போய் நான்கு வருஷமாகிறது, நல்லவள், கேட்டதற்கெல்லாம் சரி என்றவள், இருபத்தாறு வருஷத்தில் அவளோடு ஒரு நாள்கூட நான் வாதாடியதில்லை, அதை எல்லோரும் எனக்குப் பெருமையாகச் சொன்னார்கள், எனக்கு மட்டும் அது உறுத்தும், வேண்டிய பொருளாக இருந்தால்தானே மனுஷன் வாதாடுவான்.

விமான நிலையத்தின் வாசலில் சின்னக் கொடியோடு நின்றாள், ஆறாவதாக வெளியே வந்த என்னைப் பார்த்ததும் கொடி ஒரு கணம் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது, வாங்க சார், பயணமெல்லாம் சௌகரியமா, நானும் சௌகரியம் மேடம் என்றேன், சாரும் மேடமுமாக எங்கள் வேஷம் அந்த நிமிஷத்திலேயே கட்டியாகிவிட்டது, பிறகு அவிழ்க்க வழி தெரியவில்லை.

முதல் நாள் ஆற்றங்கரை அருங்காட்சியகம், அந்தக் கட்டடத்தை எப்படிச் சொல்வது, யாரோ ஒரு பெருங்கை தகடுகளைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் எறிந்துவிட்டுப் போன மாதிரி, மேகம் விலகினால் பொன்னிறம், மூடினால் மீன் வயிறு, டைட்டானியம் சார் என்றாள், எங்கள் குழுவில் கோயம்புத்தூரிலிருந்து வந்த பம்ப்செட் முதலாளி பழனிவேலுச்சாமி தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், ஏனுங் மேடம், இத்தன காசு போட்டவங்க ஒரு நேர்க்கோடு போட்டிருக்கலாமுங்க, எல்லாம் கோணக்கோணையா இருக்குதே என்றார், அவர் வீட்டம்மா மயிலாத்தாள், நீங்க கட்டுன நம்மூட்டு மாடிப்படிய விடவா கோணலு, சும்மா வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தார், உள்ளே ஒரு நீளக் கூடம், அதில் யானையைவிட உயரமான இரும்புச் சுவர்கள், துரு ஏறி, சாய்ந்து, வளைந்து, சுருண்டு, அந்தச் சுருளுக்குள்ளே நடக்க வேண்டும், உள்ள போகப்போக சுவர்தான் நடக்கிற மாதிரி இருக்கும், தல சுத்துனா நின்னுருங்க என்றாள், எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், நான் பின்தங்கினேன், அவளும் பின்தங்கினாள், இரண்டு பக்கமும் துருச் சிவப்பு, மேலே ஒரு கீற்று வெளிச்சம், நடக்க நடக்க அது இரும்பாக இல்லை, சாக்குச் சிப்பங்களாகிவிட்டது, எங்கள் கிட்டங்கியில் கூரைவரை அடுக்கிய வத்தல் மூட்டைகள், நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து, அந்தச் சந்துக்குள் பாவாடையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரிக்கிற ஒரு பெண், எங்கப்பா ஒரு மூட்ட மல்லி கேட்டாரு, இங்க என்னடான்னா ஆளையே வறுத்தெடுக்குறீங்க, அவள் கண்ணில் நீர், என் கண்ணில் நீர், கார நெடியில் அழுதால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று கேட்க முடியாது, அச்சென்று தும்மினேன், இரும்புக்குள் தும்மல் சுற்றிச் சுற்றி எங்கோ போய் முடிந்தது, ஸ்பெயினில், மூட்டையே இல்லாத இடத்தில், எனக்கு இரண்டடி முன்னால் போன வடிவு நின்றாள், திரும்பவில்லை, வத்தல் நெடியா சார் என்று மட்டும் கேட்டாள், அதற்குள் மயிலாத்தாள் அந்த முனையிலிருந்து, கண்ணு, வெளிய வர்ற வழி எங்கீங் கண்ணு என்று கூப்பிட, இரும்பு மறுபடியும் இரும்பானது.

வடிவின் அப்பாவுடைய பாத்திரக்கடை எங்கள் மண்டிக்கு எதிர்வரிசையில் நாலு கடை தள்ளி, மதுரையில் கட்டடப் படிப்பு படித்தவள் விடுமுறைக்கு வந்தால் கல்லாவில் உட்காருவாள், நான் ஒரு டிபன் கேரியர் வாங்கப் போனேன், நாலடுக்கு, எவர்சில்வர், அவள் ஒரு விலை சொன்னாள், நான் பாதி சொன்னேன், அவள் கேரியரை உள்ளே வைத்தாள், மறுநாளும் போனேன், அதே கேரியர், ஒரு மாசம் போனேன், வாங்கவில்லை, வாங்கிவிட்டால் போவதற்குக் காரணம் ஏது, அவளும் விலையை இறக்கவில்லை, இறக்கிவிட்டால் நான் வாங்கித் தொலைப்பேனே என்று, இன்னிக்கு மூடி கழண்டிருக்கே என்பேன், உங்களுக்கு கழண்டதுக்கு நான் என்ன செய்ய என்பாள், கடைப்பையன்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்து எங்கள் இருவருக்கு மட்டும் தெரியாத மாதிரி ஒரு மாசம், பிறகு ஒரு சாயங்காலம் கேரியரைப் பற்றி நான் பேச்செடுக்கும் முன்னே அவள் ஒரு கடிதத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தாள், வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு, வீட்ல உன் இஷ்டம்னுட்டாங்க, நான் போகட்டுமா என்று கேட்டாள், நேராக என்னைப் பார்த்தபடி, நான் போகட்டுமா.

எங்கள் தெருவில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும், பிடித்த பொருளைக் கையில் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் முகத்தில் காட்டக் கூடாது, விலை படியவில்லை என்றால் வேண்டாம் என்று கடையை விட்டு இறங்கிவிட வேண்டும், இறங்கி நடக்க வேண்டும், நடை வேகமாகவும் இருக்கக் கூடாது, தளரவும் கூடாது, முக்கியமாகத் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பிப் பார்த்தவனுக்கு விலை ஏறிவிடும், பத்தடி, பதினைந்தடி, அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும், அண்ணாச்சி வாங்க, கோவிச்சுக்காதீங்க, என்ன விலைக்குத்தான் கேக்குறீங்க, நானும் கூப்பிட்டிருக்கிறேன், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், என் அப்பா, பெரியப்பா, ஊரே இப்படித்தான் வாங்கி விற்று வீடு கட்டியது, அன்றைக்கு என் வாய் தானாகவே சொல்லிற்று, போறதுன்னா போ, எனக்கென்ன வந்துச்சு, சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினேன், நடந்தேன், பத்தடி, பதினைந்தடி, எண்ணெய்க்கடை, சரக்கு இறக்குகிற வண்டி, வெற்றிலைக்கடை, என் முதுகு முழுவதும் காதாகிவிட்டிருந்தது, நாற்பதடி, தெப்பக்குளத்து முக்கு, முக்கு திரும்பியும் நடந்தேன், குரல் வரவில்லை, மறுநாள் வரும் என்று இருந்தேன், மறுவாரம் வரும் என்று இருந்தேன், ஆவணியில் அவள் விமானம் ஏறியதை வெற்றிலைக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், பிறகு வந்ததெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில் காதில் விழும் துணுக்குகள், அங்கேயே வேலையாம், அந்த ஊர்க்காரனையே கட்டிக்கிட்டாளாம், விட்டுப் பிரிஞ்சுட்டாளாம், சாம்பார் வாளி வருவதற்குள் அவள் வாழ்க்கையில் பத்து வருஷம் முடிந்திருக்கும், நான் இலையை மூடியிருப்பேன்.

இரண்டாம் நாள் பழைய ஊர், ஏழு தெருக்கள், மாடத்துக்கு மாடம் கண்ணாடிக் கூண்டு, கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், பலகைமேல் பிஞ்சோ என்று வகைவகையாகக் கடித்துக்கொள்ளும் பண்டங்கள், ரொட்டித்துண்டின்மேல் நெத்திலி, அதன்மேல் மிளகாய் ஊறுகாய், மேலே ஒரு குச்சி, எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் எழுதுவதில்லை, பார்ப்பதுகூட இல்லை, கிளம்பும்போது கடைக்காரர் எத்தனை என்று கேட்பார், நாம் சொல்வதுதான் கணக்கு, ஒரு ஊரே இப்படி வியாபாரம் செய்தால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது, பழனிவேலுச்சாமி என் காதில், நம்மூர்ல வெச்சா மத்தியானத்துக்குள்ள கடைய மூடோணுமுங்க என்றார், என் முறை வந்தது, தின்றது ஏழு, நாக்கு ஆறு என்று சொல்லத் தயாராக நின்றது, பழக்க தோஷம், வடிவு பலகையின் அந்தக் கோடியில் மதுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள், ஏழு என்றேன், அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, இங்க கேட்டா உள்ளதச் சொல்லணும் சார், வேற ஒரு வித்தையும் கெடையாது என்றாள், எல்லோருக்கும் சொல்வதுபோல என்னிடம் சொன்னாளா, என்னிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னாளா, பிறகு ஒரு சமையலறைக்குக் கூட்டிப்போனாள், கையளவு இடம், சமையல்காரர் இன்யாக்கி ஆறடி மனிதர், உப்புக் கண்டம் போட்ட மீனை மண்சட்டியில் ஆலிவ் எண்ணெயில் கிடத்தி, கரண்டியே போடாமல் சட்டியை இரண்டு கையாலும் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தார், மாவு இல்லை, பால் இல்லை, ஆட்ட ஆட்ட எண்ணெய் தானாகவே வெளுத்து, கெட்டியாகி, தயிர் மாதிரி திரண்டது, அவசரப்பட்டால் திரளாது, சும்மா நின்றாலும் திரளாது என்கிறார் என்று மொழிபெயர்த்தாள், இன்னொரு சட்டியில் சிவப்புக் குழம்பு, அதற்குப் போடும் வத்தலை என் கையில் கொடுத்தார், என் கை அதுவாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது, காதோரம் ஆட்டி விதையைக் கேட்டேன், காம்பைக் கிள்ளினேன், உடைத்து முகர்ந்தேன், நிறம் இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, பழைய வெயில்கூட இருக்கிறது, காரம் மட்டும் சுத்தமாக இல்லை, இதை எங்க மண்டியில யாரும் வாசப்படி ஏத்தமாட்டாங்க என்றேன், இன்யாக்கி என்னவென்று கேட்க அவள் சொல்ல இருவரும் சிரித்தார்கள், அப்புறம் தமிழில், தணிந்த குரலில், ஒரு வயசுக்கு மேல இதுவே போதும்னு தோணிரும் என்றாள், சார் சேர்க்க மறந்துவிட்டாள். மத்தியானம் விடுதியில் படுத்தவன் ஒரு கனவுக்குள் போனேன், எங்கள் தெரு முழுக்க இந்த ஆறு ஓடுகிறது, மூட்டைகள் மிதக்கின்றன, பாத்திரக்கடை மட்டும் டைட்டானியம் போர்த்தி மினுங்குகிறது, நான் தண்ணீர்மேல் நடந்துபோகிறேன், எத்தனை என்று கேட்கிறார்கள், முப்பத்தொன்று என்கிறேன், விழித்தபோது ஜன்னலில் சிரிமிரி.

நதி பழுப்பாக ஓடுகிறது, மேடை நடு ஆற்றுக்கு வந்துவிட்டது, பாதி நேரம் போய்விட்டது, நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன், வத்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், மேடம், அந்தக் காரமில்லா வத்தலை நம்மூர்ல ஒரு இருபது மூட்டை இறக்கிப் பாத்தா என்ன, உங்க மூலமா ஏற்பாடு பண்ண முடியுமான்னு, மாசத்துக்கு ஒரு தடவை பேசிக்கிட்டா, அவள் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள், வத்தலுக்கா வந்தீங்க என்றாள், சார் இல்லை, நான் ஆற்றைப் பார்த்தேன், பயணிங்க பட்டியல்ல உங்க பேரப் பாத்த அன்னிலேர்ந்து பாக்கேன், மூணு நாளா சுத்திச் சுத்தி வாரீங்க, மெஷின் டிக்கெட்ட முழுங்கல, உங்க சட்டப் பையில நீட்டிக்கிட்டு இருக்கு, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் பைக்குள் கை வைத்தேன், டிக்கெட் இருந்தது, அதை அங்கேயே விட்டேன், நீ வேணும் வடிவு என்றேன், அந்த வார்த்தை என் தொண்டைக்குப் புதிது, ஓர் ஆள்போல வந்து நின்றது, அன்னிக்கும் நீதான் வேணும், போகாதேன்னு சொல்லத்தான் நெனச்சேன், ஊருக்கு வா, இல்ல நான் இங்க வாரேன், மண்டியத் தம்பிகிட்ட விட்டுட்டு வாரேன், உனக்கு எப்படித் தோதோ அப்படி. சொல்லிவிட்டேன், ஒளித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் முழுதாகச் சொல்லிவிட்டேன், இப்படிச் சொல்கிறவனை எங்கள் தெருவில் பைத்தியக்காரன் என்பார்கள்.

நாய் தும்மியது, பிறகு ஆற்றிடம் சொல்வதுபோல, நீங்க முக்கு திரும்புற வரைக்கும் கடை வாசல்ல நின்னேன் தெரியுமா என்றாள், ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா கூப்பிட்டிருப்பேன், நட கூடத் தளரல, சரி, நெசமாவே வேண்டாம்போலன்னு உள்ள போயி கேரியரத் தொடச்சு வெச்சேன், நானும் யாவாரி மக தானே, வேண்டாங்கிறவங்க பின்னால ஓடி விக்கிறதுக்கு மனசு வரல. நான் சொல்ல வந்தேன், கையமர்த்தினாள், அன்னிக்குக் கேட்டிருந்தா அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டிருப்பேன், நல்லவேள கேக்கலன்னு கொஞ்ச வருஷம் நெனச்சேன், கேக்காமப் போனாரேன்னு ரொம்ப வருஷம் நெனச்சேன், இப்ப ரெண்டும் இல்ல, இந்த ஊரு, இந்த மழை, காலையில ஒத்தையா உக்காந்து காப்பி குடிக்கிறது, எல்லாம் எனக்குன்னு ஆயிருச்சு, நான் வரமாட்டேங்க, நீங்களும் வர வேண்டாம், ஆனா கேட்டீங்க பாருங்க, அது போதும், அது எனக்கு வேண்டியிருந்துச்சு. சரி என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதானா, விருதுநகர்க்காரரு ஒண்ணுமே கொறைச்சுக் கேக்கலியா, சிரித்தாள், கண் நனைந்திருந்தது, இங்கே மழையும் பெய்கிறது, இல்ல, நீ சொன்னதுதான் என்றேன், என் ஆயுளில் ஒருவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது அந்த மதுரை ஏஜென்ட்டுக்குப் பிறகு இவளிடம்தான், நெஞ்சு வலித்தது, வலியிலும் ஒரு சுத்தம் இருந்தது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல.

மேடை கரையில் மெல்ல இடித்து நின்றது, கதவு திறந்தது, கார்கள் உறுமிக்கொண்டு வெளியேறின, நாயம்மாள் இறங்கினாள், வடிவு கக்கத்திலிருந்து கொடியை எடுத்து விரித்துக்கொண்டு இறங்கினாள், கரையில் காத்து நின்ற எங்கள் கூட்டத்திலிருந்து, ஏனுங் மேடம், எங்கியாச்சும் டீ கெடைக்குங்ளா என்று பழனிவேலுச்சாமியின் குரல், நான் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன், என்னைச் சுற்றிப் புது முகங்கள் ஏறின, புதுக் கார்கள் ஏறின, யாரோ இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள், மணி அடித்தது, கதவு சாத்திக்கொண்டது, கரை என்னை விட்டு நகர ஆரம்பித்தபோதுதான் நான் இறங்கவில்லை என்பதே எனக்கு உறைத்தது, தட்டு மறுபடியும் தொங்கியபடி ஆற்றுக்கு மேலே போகிறது, இதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, முதுகைக் காட்டிக்கொண்டு போவதற்கு வழியில்லை, நான் கதவோரம் அவளைப் பார்த்தபடியே விலகிப் போகிறேன், அவள் ஆட்களை எண்ணுகிறாள், ஒன்று, இரண்டு, ஏழில் நிற்கிறாள், சுற்றும் முற்றும் பார்க்கிறாள், ஆற்றைப் பார்க்கிறாள், என்னைப் பார்த்துவிட்டாள், ஐம்பத்து நாலு வயசு, கட்டடக் கலைஞர், கையில் கொடி, ஈரப் படியில் தடதடவென்று இறங்கித் தடுப்புக் கம்பி வரைக்கும் ஓடிவருகிறாள், ஏங்க, ஏங்க, அங்க எறங்கிராதீங்க, அதுலயே நில்லுங்க, திரும்ப வரும், நான் இங்கனயேதான் நிக்கிறேன், விருதுநகர் பஜாரில் நாலு கடை தாண்டிக் கேட்கிற குரல், கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள், மயிலாத்தாள் வாயில் கை வைத்திருக்கிறார், அவள் சிறிதாகிக்கொண்டே போகிறாள், அந்த இடத்தை விட்டு அசையவில்லை, நான் இரண்டு கையையும் தூக்கி, பக்கத்தில் இருப்பவர்கள் விலகி நிற்கும்படி, விழுந்துச்சு வடிவு, காதுல விழுந்துச்சு என்று கத்துகிறேன்.